போகாத ஊருக்கு வழி

2010 ஜூன் 3ஆம் தேதி மாஸ்கோவில் ஆறு ஆண்கள் ஒரு கட்டிடத்துக்குள் இருந்த உலோக அறைகளுக்குள் நுழைந்தார்கள். கதவு சாத்தப்பட்டது. 2011 நவம்பர் 4ஆம் தேதி அதே கதவு திறந்தது. அதே கட்டிடத்தில் வெளியே வந்தார்கள். இடையில் 520 நாட்கள். அந்த நாட்களில் அவர்கள் செவ்வாய்க் கிரகத்துக்குப் போய்த் திரும்பியதாக ஏற்பாடு. மூன்று ருஷ்யர்கள், ஒரு பிரெஞ்சுக்காரர், ஒரு இத்தாலியர், ஒரு சீனர். எல்லோரும் தாமாக முன்வந்தவர்கள். ருஷ்ய உயிர்மருத்துவ ஆய்வுக்கழகம் ஐரோப்பிய விண்வெளி ஸ்தாபனத்தோடும் சீனாவோடும் சேர்ந்து நடத்திய இந்தச் சோதனைக்கு மார்ஸ்-500 என்று பெயர்.

இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். போகாத ஊருக்கு வழி சொல்கிற காரியம்தானே என்கிறார்கள். இந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கமானது. நம் வட்டத்தில் ஒரு நாவலை, ஒரு கவிதையை ஒதுக்கித் தள்ள இதே சிரிப்புதான் உபயோகமாகிறது. அவன் ஜெயிலுக்குப் போனதில்லை, இவன் வயலில் இறங்கியதில்லை, இன்னொருவன் அந்த ஊரைப் பார்த்ததே இல்லை. அனுபவம் என்ற சொல்லை நாம் ரப்பர் ஸ்டாம்ப் மாதிரி வைத்துக்கொண்டிருக்கிறோம். குத்தியிருந்தால் செல்லும், குத்தியிராவிட்டால் செல்லாது. அனுபவம் என்பதில் எந்தப் பகுதியை நாம் சோதிக்கிறோம் என்று கேட்டால் பதில் வருவதில்லை. மார்ஸ்-500 பற்றி எழுத நான் உட்கார்ந்ததற்கு விஞ்ஞான ஆர்வம் காரணமல்ல. ஒரு அனுபவத்தில் எதைப் போலியாகச் செய்ய முடியும், எதைச் செய்யவே முடியாது என்பதை இவ்வளவு சுத்தமாகப் பிரித்துக் காட்டுகிற வேறு உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

முதலில் விவரங்கள். அடைக்கப்பட்ட அறைகளின் மொத்தக் கொள்ளளவு 550 கன மீட்டர். ஜன்னல் கிடையாது. வசிக்கும் பகுதியின் உட்சுவர்களில் மரப்பலகை. ஒவ்வொருவருக்கும் ஏறத்தாழ 3 சதுர மீட்டரில் ஒரு தனியறை. பூமியிலிருந்து 'தூரம்' கூடக் கூட, வெளியேயுள்ள கட்டுப்பாட்டு அறைக்குச் செய்தி போய்ச்சேரும் நேரத்தையும் பதில் வரும் நேரத்தையும் செயற்கையாக நீட்டிக்கொண்டே போனார்கள். எடையின்மை இல்லை, மாஸ்கோவின் தரை எல்லாரையும் இழுத்துப் பிடிப்பதுபோலவே அவர்களையும் பிடித்துவைத்திருந்தது. விண்வெளியின் கதிரியக்கம் இல்லை. கப்பல் ஒரு அங்குலம் நகரவில்லை.

அதாவது இடம் முழுக்கப் பொய். ஆனால் காலத்தில் ஒரு நாள்கூடப் பொய்யில்லை. நாடகத்தில் பன்னிரண்டு வருஷத்தை ஒரு திரை விழுந்து எழும் நேரத்தில் கடந்துவிடலாம். பார்வையாளனுக்கு ஆட்சேபமில்லை. இங்கே அந்தச் சலுகை கிடையாது. 520 நாள் என்றால் 520 இரவு. அத்தனை முறை பல் துலக்கவேண்டும். அதே ஐந்து முகங்களின் எதிரே உட்கார்ந்து சாப்பிடவேண்டும். இடத்தை நடிக்கலாம், காலத்தை நடிக்க முடியாது. நான் பாங்கில் நாள் முழுக்க எண்ணுகிற நோட்டுகளில் ஒன்றுகூட என்னுடையதல்ல. ஆனால் சாயங்காலம் விரல்களில் இருக்கும் வலி என்னுடையது. அந்த வலியைப் பார்த்து, நீ பணக்காரனாக நடிக்கிறாய் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

இந்தச் சோதனையை ஒரு படைப்பாகப் பார்த்தால் அதன் மிக மோசமான பகுதி எது என்பதும் இதிலிருந்து தெரிந்துவிடுகிறது. எட்டு மாதங்களுக்குப் பின், 2011 பிப்ரவரியில், 'இறக்கம்' நடந்தது. மூன்று பேர் இறங்குகலம் என்று பெயரிட்ட அறைக்குப் போனார்கள். பிப்ரவரி 14ஆம் தேதி ஸ்மொலியெவ்ஸ்கி, உர்பினா என்ற இருவர் விண்வெளி உடை மாட்டிக்கொண்டு, மண் கொட்டிப் பரப்பிய ஒரு கூடத்தில் நடந்தார்கள். படங்களும் செய்திகளும் உலகம் முழுக்கப் போயின. மார்ஸ்-500 என்றதும் இன்றும் பத்திரிகைகள் தேடிப்பிடித்துப் போடுகிற படம் இதுதான். எனக்கு இது கலாபூர்வமாகத் தோற்ற இடம். அதுவரை இடம் என்பது வெறும் அடைப்பாக இருந்தது, அடைப்பு உண்மையானது. இடத்தை வர்ணித்துக் காட்ட முற்பட்ட அந்த நிமிஷத்தில் அது செட் ஆகிவிட்டது. அமெரிக்கர்கள் பிற்பாடு ஹூஸ்டனில் நடத்திய சோதனையிலும் இதே விபத்து. 2023 ஜூன் 25 முதல் 2024 ஜூலை 6 வரை, 378 நாட்கள், நான்கு பேர். முப்பரிமாண அச்சில் வார்த்த வீடு. அதையொட்டிச் சிவப்பு மண் பரப்பிய ஒரு கூடம். சுவரில் செவ்வாயின் மலைகளைத் தீட்டியிருந்தார்கள். நெடுந்தூரம் நடப்பதற்குக் கண்ணில் திரைக் கருவியை மாட்டிக்கொண்டு, நின்ற இடத்திலேயே ஓடும் பட்டையின் மேல் நடக்கவேண்டும். சுவரில் மலை வரைந்த இந்தக் கை, நம் நாவல்களில் முதல் அத்தியாயத்திலேயே வட்டாரப் பேச்சையும் வேப்பமரத்தையும் கொண்டுவந்து கொட்டுகிற அதே கை.

மாஸ்கோ இறக்கத்தில் யாரும் பேசாத இன்னொரு பக்கம் உண்டு. மூன்று பேர் இறங்கப் போனபோது மற்ற மூன்று பேர் 'சுற்றுப்பாதையில்' இருந்தார்கள். அதாவது பழைய அறைகளிலேயே இருந்தார்கள். 520 நாளும் அடைந்து கிடந்து, பொய்ச் செவ்வாயில்கூடக் கால் வைக்காதவர்கள் அவர்கள். இந்தச் சோதனையின் சாரம் முழுவதும் அந்த மூன்று பேரிடம் இருக்கிறது என்று நினைக்கிறேன். இவர்களுக்குச் செட் இல்லை, உடை இல்லை, புகைப்படம் இல்லை. நாட்கள் மட்டும் இருந்தன.

அந்த நாட்கள் எங்கே எழுதப்பட்டன? அவர்களில் சிலர் எழுதி வெளியே அனுப்பிய குறிப்புகளில் நகைச்சுவையும் நல்ல மனமும் உண்டு. ஆனால் அவை வெளியேயிருப்பவன் படிப்பான் என்று தெரிந்து எழுதியவை. நான் உயர்ந்த பிரதி என்று கருதுவது அவர்கள் கையால் எழுதியதல்ல, கையிலேயே கட்டியிருந்தது. ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் அசைவைப் பதிவு செய்யும் கருவி ஒன்று இருந்தது. 2013இல் அமெரிக்கத் தேசிய விஞ்ஞானக் கழகத்தின் ஏட்டில் அந்தப் பதிவுகளின் ஆராய்ச்சி வெளிவந்தது. மாதங்கள் போகப் போக ஆறு பேரும் அசைவது குறைந்துகொண்டே வந்தது. தூக்கமும் ஓய்வும் கூடின. பெரும்பாலோருக்குத் தூக்கத்திலோ கவனத்திலோ நாளின் ஒழுங்கிலோ ஏதாவதொரு கோளாறு. ஒருவருடைய உடம்பு 24 மணி நேர நாளைக் கைவிட்டு 25 மணி நேர நாளுக்கு நகர்ந்தது; மற்றவர்கள் விழித்திருக்கையில் அவர் தூங்கினார், அவர்கள் தூங்கும்போது விழித்திருந்தார். ஆறு பேருக்கு ஏற்கனவே சின்னதான உலகத்தில் அவர் தனியாக இன்னொரு கிரகத்துக்குப் போய்விட்டார் என்று சொல்லலாம். வெளியே வருவதற்கு முந்தைய கடைசி 20 நாட்களில்தான் அசைவு திரும்பவும் கூடியது.

கடைசி 20 நாட்கள் என்ற இந்த ஒரு தகவலுக்காகவே அந்தக் கட்டுரையை நான் பலமுறை நினைத்துக்கொண்டிருக்கிறேன். அந்த அறைகளில் எதுவும் மாறவில்லை. அதே வெளிச்சம், அதே சாப்பாடு, அதே வேலைப்பட்டியல். மாறியது எண்ணிக்கை ஒன்றுதான். உடம்பு எண்ணத் தெரிந்ததாக இருக்கிறது. இதை ஒரு நாவலாசிரியன் கற்பித்து எழுதியிருந்தால் மிகை என்று நான் கோடு போட்டிருப்பேன்.

அடுத்த வருஷம், 2014இல், அதே குழுவினரின் மனநிலை பற்றி இன்னொரு ஆராய்ச்சி வந்தது. ஆறு பேரில் இருவரிடம் எந்தச் சிரமத்தின் அறிகுறியும் தென்படவில்லை. உறுப்பினர்கள் தாமே குறித்த சச்சரவுகளில் 85 சதவீதத்தைக் குறித்தவர்கள், மன அழுத்தமும் களைப்பும் அதிகமாயிருந்த வேறு இரண்டு பேர். எல்லாவற்றையும்விட என்னை நிறுத்திய விஷயம், தங்களுக்குள் ஏற்பட்டதாகச் சொன்ன சச்சரவைப் போல ஐந்து மடங்கு, வெளியேயுள்ள கட்டுப்பாட்டு அறையோடு ஏற்பட்டதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒரே மேஜையில் சாப்பிடவேண்டியவனோடு சண்டை போட்டால் நாளை காலையும் அவன் முகத்தைப் பார்க்கவேண்டும். பார்க்க முடியாத, தாமதமாகப் பதில் அனுப்புகிற ஒருவன் கிடைத்துவிட்டால் கோபத்தை அங்கே அனுப்பிவிடலாம். கிளையில் உட்கார்ந்துகொண்டு தலைமை அலுவலகத்தைத் திட்டுகிறவர்களுக்கு இது புதிதல்ல. நாலு பேர் சேர்ந்து பத்திரிகை நடத்திக்கொண்டு வாசகனைத் திட்டுகிற நமக்கும் புதிதாக இருக்கக்கூடாது.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் வரும். அவர்கள் வேண்டுமானால் கதவைத் திறந்துகொண்டு வந்திருக்கலாமே? வந்திருக்கலாம்தான். 2018 பிப்ரவரியில் ஹவாயில் அப்படித்தான் நடந்தது. மௌனா லோவா எரிமலைச் சரிவில் ஒரு வெள்ளைக் குவிமாட வீட்டில் நான்கு பேர் எட்டு மாதம் இருப்பதாக ஏற்பாடு. நான்காவது நாள் ஒருவருக்கு மின்சாரம் தாக்கியது. ஆம்புலன்ஸ் வரவழைத்து அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவர் அன்றே திரும்ப முடிந்தது. ஆனால் குழுவில் இன்னொருவர் விலகிக்கொண்டார். பயணம் முடிந்தது. ஆம்புலன்ஸ் வந்து நின்ற இடத்தில் செவ்வாய் இருக்க முடியாது.

ஆனால் இந்த ஆட்சேபம் காட்டுவது ஆட்சேபிக்கிறவர் நினைப்பதற்கு எதிரானது என்பது என் கட்சி. மெய்யான விண்வெளி வீரன் ஒரே ஒரு முறைதான் சம்மதிக்கிறான். எஞ்சின் எரியத் தொடங்கியபின் அவன் சம்மதத்தை யாரும் கேட்பதில்லை. பௌதிக விதி அவனைக் கொண்டுபோகிறது; திரும்பிவர விரும்பினாலும் முடியாது. தரையிலிருக்கும் தொண்டனுக்கு அந்த நிம்மதி கிடையாது. கதவுக்கு வெளியே பஸ் போகிற தெரு இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். இன்றும் போகவில்லை என்று ஒவ்வொரு நாளும் அவனே முடிவெடுக்கவேண்டும். 520 முறை. விதியால் கட்டுண்டவனின் பொறுமையை நாம் வியக்கிறோம். அவிழ்க்கக்கூடிய கட்டை அவிழ்க்காமல் இருப்பவனை நடிகன் என்கிறோம். இதில் கடினமானது எது என்பது எனக்குச் சந்தேகமில்லாமல் தெரிகிறது. விருத்தத்தின் தளையை யாரும் கட்டாயப்படுத்தாத காலத்தில் தானாக ஏற்று எழுதுகிற கவிக்கு இது புரியும்; தளையை விட்டபின் தனக்கென்று ஒன்றை உண்டாக்கிக்கொள்ளவேண்டிய புதுக்கவிக்கு இன்னும் நன்றாகப் புரியும்.

இந்தக் காரியத்தைச் செய்தவர்கள் எழுதிய இரண்டு புத்தகங்களின் தலைப்புகளைக் கவனிக்கவேண்டும். முதலாவது ருஷ்யப் புத்தகம். மார்ஸ்-500க்கு நாற்பது வருஷத்துக்கு மேல் முன்பே, 1967 நவம்பர் 5 முதல் 1968 நவம்பர் 5 வரை, மனோவ்ஸெவ், போஷ்கோ, உலிபிஷெவ் என்ற மூன்று பேர் மாஸ்கோவில் ஒரு வருஷம் அடைபட்டிருந்தார்கள். 12 சதுர மீட்டர் வசிப்பிடம். பிற்பாடு அதோடு ஒரு சின்னப் பசுமைக்குடில் இணைக்கப்பட்டது. கழிவிலிருந்து மீட்டெடுத்த தண்ணீரைக் குடித்தார்கள். போஷ்கோவும் வயலெட்டா கரதீன்ஸ்கயாவும் சேர்ந்து எழுதிய புத்தகம் 1975இல் வந்தது. உள்ளே இருந்தவரும் வெளியே இருந்தவரும் சேர்ந்து எழுதியது என்பதே அதன் உருவத்தைப் பற்றி நிறையச் சொல்லிவிடுகிறது. அதன் பெயர்: "'விண்கப்பலில்' ஒரு வருஷம்". மேற்கோள் குறி கப்பலுக்கு மட்டும் போடப்பட்டிருக்கிறது. வருஷத்துக்குப் போடவில்லை. நான் இங்கே பக்கம் பக்கமாகச் சொல்ல முயல்வதை அவர்கள் அட்டையிலேயே நிறுத்தற்குறியால் சொல்லியிருக்கிறார்கள்.

இரண்டாவது, கேட் கிரீன் என்ற அமெரிக்கப் பெண்மணியுடையது. விஞ்ஞானச் செய்தியாளர், கவிஞர். 2013இல் நான் மேலே சொன்ன ஹவாய்க் குவிமாட வீட்டில் நடந்த முதல் சோதனையில் நான்கு மாதம் இருந்த ஆறு பேரில் ஒருவர். அந்தச் சோதனை சாப்பாட்டைப் பற்றியது. நெடும்பயணத்தில் ஒரே மாதிரி உணவு அலுத்துப்போய் மனிதர்கள் குறைவாகச் சாப்பிடத் தொடங்கிவிடுகிறார்கள். டப்பாவைத் திறந்து தின்பதற்குப் பதிலாக, கெட்டுப்போகாத சாமான்களை வைத்துத் தாங்களே சமைத்தால் என்ன ஆகும் என்பது கேள்வி. 2020இல் வந்த அவர் புத்தகத்தின் தலைப்பைத் தமிழில் 'ஒரு காலத்தில் நான் செவ்வாயில் வசித்தேன்' என்று சொல்லலாம். பாட்டி கதையின் முதல் வார்த்தைகளில் தொடங்குகிறது. ஆகவே இடம் பொய் என்று ஒப்புக்கொண்டாயிற்று. வினைச்சொல்லோ 'போனேன்' அல்ல, 'வசித்தேன்'. போவதற்கு இடம் வேண்டும். வசிப்பதற்குக் காலம் போதும். கட்டுரைகளாக எழுதப்பட்ட அந்தப் புத்தகத்தில் செவ்வாயின் வர்ணனையைத் தேடுகிறவன் ஏமாறுவான். உணவு, அலுப்பு, தனிமை, பிரிவு இவைதான் அங்கே பேசப்படுகின்றன. அதைத்தான் அதன் கௌரவம் என்று நான் சொல்வேன்.

இதெல்லாம் நமக்கு ஏன் அந்நியமாகப் படவேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. போகாதவர்கள் பாடிய பயணத்தை ஒரு முழுத் திணையாகவே வைத்திருக்கிறவர்கள் நாம். பாலைக்குத் தனி நிலம் கிடையாது. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் திரிந்து பாலையாகின்றன என்கிறது சிலப்பதிகாரம். அந்த நிலத்தின் வழியாகப் போகிறவன் தலைவன். ஆனால் எத்தனையோ பாலைப் பாட்டுகளில் அந்த வெயிலையும் நீரில்லாத யானையையும் நமக்குக் காட்டுகிறவர்கள் வீட்டில் இருக்கிற தலைவி, தோழி, மகளைப் பிரிந்த தாய். அவர்கள் ஒரு அடி நகரவில்லை. 'நீ அந்தக் காட்டைப் பார்த்தாயா' என்று எந்த உரைகாரரும் அவர்களைக் கேட்டதாக நான் அறியவில்லை. காடு கேட்டறிந்தது, கற்பித்தது. பிரிந்திருந்த நாட்கள் அவர்களுடையவை. சுவரில் நாட்களைக் குறித்துவைத்துத் தொட்டுத் தொட்டு எண்ணியதில் தன் விரல் தேய்ந்துபோனதாகக் குறளில் ஒருத்தி சொல்கிறாள். மாஸ்கோவில் மணிக்கட்டில் கட்டிய கருவி பதிவு செய்ததும் இந்தத் தேய்மானத்தைத்தான்.

ஆகவே விமர்சனத்தில் நாம் கேட்கவேண்டிய கேள்வி, 'அவன் அங்கே போனானா' என்பதல்ல. 'எத்தனை நாள் இருந்தான்' என்பது. ஊரைப் பற்றிக் கேள்விப்பட்டு எழுதலாம். அந்த ஊரில் ஒருவன் காத்திருக்கிற நேரத்தைக் கேள்விப்பட்டு எழுத முடியாது. அதை எழுதுகிறவன் எங்கேயாவது, எந்த அறையிலாவது, காத்திருந்திருக்கவேண்டும்.

இதை எல்லாவற்றுக்கும் லைசென்ஸாக எடுத்துக்கொள்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்லவேண்டும். மார்ஸ்-500 ஒரு விஷயத்தை முழுக்க வெளியே விட்டுவிட்டது. பயம். அந்தச் சுவருக்கு அப்பால் காற்று இருந்தது. அலுப்பினால் சாகமாட்டோம் என்பது அவர்களுக்குத் தெரியும். திரும்பிவராமலே போகலாம் என்ற எண்ணம் மனிதனை என்ன செய்யும் என்று அந்த 520 நாட்களால் சொல்ல முடியாது. சொன்னதாக அந்த ஆராய்ச்சியாளர்கள் பாவனை செய்யவும் இல்லை. எது தங்கள் அறைக்குள் இருந்தது, எது இல்லை என்பதில் அவர்களுக்கிருந்த தெளிவு நம் எழுத்தில் இல்லை. நம் இளம் கவிகள் பலருக்குச் சொந்தமாக இருப்பது அலுப்பு. வேலை கிடைக்காத மத்தியானங்கள், வாடகை அறையின் மின்விசிறி, கௌண்டரில் தீராத வரிசை. பெரிய விஷயம் அது. ஒரு இலக்கியத்துக்குப் போதுமான விஷயம். அதை விட்டுவிட்டு ஐரோப்பியன் யுத்தத்தில் சம்பாதித்த பயத்தைக் கடன் வாங்கி, மரணம், சூன்யம் என்று மண்ணைக் கொட்டிச் சுவரில் மலை வரைகிறோம். விண்வெளி உடை மாட்டிக்கொண்டு அதில் நடந்து புகைப்படமும் எடுத்துக்கொள்கிறோம். நம் உண்மையான நாட்கள் சுற்றுப்பாதையில் விட்டுவந்த அந்த மூன்று பேரைப் போலக் கவனிப்பாரில்லாமல் கிடக்கின்றன.

ஒரு கவிதைத் தொகுதி கைக்கு வந்தால் அதிலுள்ள இடங்களை நான் இப்போது நம்புவதும் இல்லை, சந்தேகிப்பதும் இல்லை. மதுரை என்றாலும் சரி, செவ்வாய் என்றாலும் சரி. நடுப்பக்கங்களைப் பார்க்கிறேன். பயணம் கிளம்பிய உற்சாகம் தீர்ந்து, வீடு திரும்பும் கடைசி 20 நாட்கள் இன்னும் வராத பக்கங்கள். அங்கே கை அசைவு குறைந்திருக்கிறதா, வரி தன் எடையில் படுத்திருக்கிறதா, ஒரு மணி நேரம் கூடுதலான நாளொன்றில் எவனாவது தனியாக விழித்துக்கொண்டிருக்கிறானா. அந்த மனிதன் அங்கே இருந்தால், அவன் எந்த ஊருக்குப் போனான் என்று நான் கேட்பதில்லை.